ஆட்டுக்கால் கிழங்கு: சூப்புக் கடைக்கும் மருந்து நூலுக்கும் நடுவே

கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயிலைச் சுற்றியும் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் வழியிலும் சாக்கு விரித்து ஒரு கிழங்கை விற்கிறார்கள். கட்டைவிரலைவிடத் தடிமனான துண்டுகள், மேலெல்லாம் பழுப்பு ரோமம். தோல் உரிக்காத ஆட்டுக்காலைப் போலத் தோன்றுவதால் ஆட்டுக்கால் கிழங்கு என்றும் முடவாட்டுக்கால் என்றும் பெயர். பக்கத்து அடுப்பில் அதன் சூப் கொதித்துக்கொண்டிருக்கும். அருவியில் குளித்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வருகிறவர்கள் ஒரு குவளை குடித்துவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்காக அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

மலையேறிப் போனவர்கள் மட்டும் அறிந்திருந்த இந்தப் பண்டம் இப்போது சமவெளிக்கு இறங்கிவிட்டது. யூடியூப் வீடியோக்கள் அதைப் பரப்பின; கூரியர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. கொல்லிமலை எங்கே, தூத்துக்குடி எங்கே? ஆனாலும் இங்குள்ள நாட்டு மருந்துக் கடையில் இப்படி ஒரு பேச்சைக் கேட்க முடிகிறது:

"அண்ணாச்சி, முட்டு வலிக்கு அந்த ஆட்டுக்கால் கிழங்கு வந்திருக்கா?"

"வந்திருக்குக்கா. பச்சையா வேணுமா, காய்ஞ்சதா?"

"எது கேக்கும்?"

"ரெண்டும் கேக்கும். சூப்பு வைக்கணும்னா பச்சைதான்."

"எத்தன நாளைக்குக் குடிக்கணும்?"

"வலி நிக்கிற வரைக்கும் குடிங்க."

இந்த உரையாடலில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. அந்த அக்காவுக்கு வலி உண்மை. அண்ணாச்சிக்குத் தன் சரக்கின் மேல் நம்பிக்கை உண்மை. ஆனால் எந்த வலி, எவ்வளவு அளவு, எத்தனை நாள், இந்தக் கிழங்கு எங்கிருந்து அறுக்கப்பட்டது என்ற நான்கு கேள்விகளுக்கும் அங்கே விடை இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரணியைச் சீன மருத்துவம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எலும்பு மருந்தாகப் பயன்படுத்துகிறது. அங்கே இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்காவது எழுத்தில் விடை உண்டு. நம் கிழங்கைப் பற்றி இதுவரை தெரிந்ததையும், அதை வைத்து நாம் செய்ய வேண்டியதையும் ஒருசேரப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அதற்கு முத்துக்குளித்துறை என்ற இந்தத் தூத்துக்குடிக் கரையின் அனுபவம் துணை செய்யும் என்பது என் எண்ணம். தொலைதூரத்து மருந்துச் சந்தைக்குச் சரக்கு அனுப்பிய கரை இது. அதனால் வரும் வாழ்வும் தாழ்வும் இந்தக் கரைக்குத் தெரியும்.

முதலில் செடியைப் பார்ப்போம். கிழங்கு என்று சொன்னாலும் இது மண்ணுக்குள் விளைவதில்லை. பாறையிலும் மரக்கிளையிலும் ஒட்டிப் படரும் ஒரு பெரணியின் தண்டு இது. தாவரவியலார் வேர்த்தண்டு என்பார்கள். அறிவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. லின்னேயஸ் 1753இலேயே இதற்கு வேறொரு பேரினத்தில் பெயரிட்டுவிட்டார். இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரம் வரை பரவியிருக்கிறது. பூவும் விதையும் கிடையாது. இலையின் அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும் பைகளிலிருந்து ஸ்போர்கள் தூசியாக உதிர்ந்து இனம் பெருகும்.

இதன் இலைகள் இரண்டு வகை. ஒன்று நீளமாக, ஆழப் பிளந்து, பச்சையாக நிற்கும். உணவு ஆக்குவதும் ஸ்போர் சுமப்பதும் அதன் வேலை. இன்னொன்று குட்டையாக, அகலமாகத் தண்டை அணைத்தபடி முளைத்து, சீக்கிரமே காய்ந்து பழுப்பாகிவிடும். ஆனால் உதிராது. மேலிருந்து விழும் சருகும் தூசியும் பறவை எச்சமும் அந்தப் பழுப்பு இலைக்குள் சேர்ந்து மட்கும். மண்ணே இல்லாத பாறையில் இந்தச் செடி தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிறது. கோடையில் பச்சை இலைகள் வாடி உதிர்ந்தாலும் ரோமம் போர்த்திய தண்டு ஈரத்தைக் காத்துக்கொண்டு கிடக்கும். மழை வந்ததும் துளிர்க்கும். நாம் அறுத்துச் சூப் வைப்பது அதன் சேமிப்புக் கிடங்கைத்தான். கொல்லிமலையின் கணக்கைப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பாளையங்கோட்டை, தென்னிந்தியப் பெரணி ஆய்வின் முக்கியமான இடம் என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. அங்குள்ள தூய சவேரியார் கல்லூரியின் வி. எஸ். மாணிக்கமும் வி. இருதயராஜும் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளை வகைப்படுத்தி 1992இல் வெளியிட்ட நூல், இன்றும் இந்தத் துறையில் கையேடாக இருக்கிறது. அதே ஊரில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இந்தக் கிழங்கை ஆராய வேண்டிய இரண்டு அறிவுகளும், பெரணி அறிவும் சித்த அறிவும், ஒரே ஊரில்தான் குடியிருக்கின்றன.

இனி சீனத்து உறவுக்காரர். கு-சுய்-பூ என்று அவர்கள் சொல்லும் மருந்து, டிரைனேரியா பேரினத்தின் இன்னொரு சிற்றினம். ஃபார்ச்சுனை என்ற பெயரில் பழைய நூல்களிலும் ரூசி என்ற பெயரில் இன்றைய நூல்களிலும் வரும். டாங் பேரரசு காலத்திலிருந்தே மருந்து நூல்களில் பேசப்படுகிறது. சிறுநீரகமே எலும்பை ஆள்கிறது என்பது சீன மருத்துவக் கொள்கை. அதன்படி இது சிறுநீரகத்துக்கு வலுவூட்டி, முறிந்த எலும்பைக் கூட்டும். காது இரைச்சலுக்கும் ஆடும் பல்லுக்கும் உதவும். வெண்புள்ளிக்கும் முடி உதிர்வுக்கும் வெளிப்பூச்சாகும். செய்முறையும் எழுதப்பட்டிருக்கிறது. இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கி, அதில் தண்டைப் போட்டுப் புரட்டினால் உப்பிக்கொள்ளும். பிறகு ரோமத்தைத் தட்டி உதிர்ப்பார்கள். கொல்லிமலை அடுக்களையில் கத்தியால் சுரண்டுவதும் அந்த ரோமத்தைத்தான்.

இன்றைய சீன அரசு மருந்து நூல் இந்த மருந்துக்கு வைத்திருக்கும் விதிகள் இரண்டைச் சொல்ல வேண்டும். உள்ளுக்கு எடுக்கும் அளவு நாளொன்றுக்கு 3 முதல் 9 கிராம். உலர்ந்த சரக்கில் நரிஞ்சின் என்ற பொருள் குறைந்தது 0.50 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்தச் சரக்கு மருந்தல்ல. பம்பளிமாஸ் பழத்தின் கசப்புக்குக் காரணமான பொருள்தான் இந்த நரிஞ்சின். எலும்பைக் கட்டும் செல்களைத் தூண்டி, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தணிக்கும் குணம் அதற்கு இருப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சூலகம் நீக்கப்பட்ட எலிகளில் எலும்பு மெலிவதை அது குறைத்திருக்கிறது. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல், முயலின் மண்டையோட்டில் உண்டாக்கிய குழியில் நரிஞ்சினைக் கொலாஜனோடு சேர்த்து வைத்தபோது, வெறும் கொலாஜன் வைத்த இடத்தைவிட அதிகமாகப் புது எலும்பு வளர்ந்ததைப் பதிவு செய்தார்கள். இந்தப் பெரணியின் ஃபிளேவனாய்டுகளைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கி, எலும்பு மெலிவு நோய்க்குச் சீனாவில் மருத்துவமனைகளிலேயே கொடுக்கிறார்கள். அதை வைத்து மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் உண்டு. அவற்றில் பல சிறியவை, கட்டுப்பாடு போதாதவை என்று அவற்றைத் தொகுத்து மதிப்பிட்டவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் கேள்வி ஒழுங்காகக் கேட்கப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் எடுத்து அப்படியே நம் கிழங்குக்கு ஒட்டவைப்பதுதான் இப்போது நடக்கும் பெரிய பிழை. "சீனாவில் நிரூபிக்கப்பட்டது" என்று வீடியோவில் சொல்கிறார்கள். சீனாவில் ஆராயப்பட்டது வேறு சிற்றினம். சீனர்களுக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. தைவான் கடைகளில் கு-சுய்-பூ என்ற பெயரில் டவாலியா என்னும் வேறு பெரணிகளும் விற்பனையாகின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் சரக்கும் ஒன்றாகிவிடாது என்பதற்காகத்தான் மருந்து நூலில் சிற்றினத்தின் பெயரை முதலில் எழுதுகிறார்கள்.

நம் சிற்றினத்தைப் பற்றியும் ஆய்வுகள் இல்லாமல் இல்லை. இந்திய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இதன் வேர்த்தண்டிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களில் நரிஞ்சினும் இருந்தது. கிருமிகளைத் தடுக்கும் ஆற்றலையும் அவர்கள் சோதித்தார்கள். கேரளத்தில் பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரப் பூங்கா ஆய்வு நிறுவனத்தார் 2010இல் விலங்குகளிடம் சோதித்து, வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் தன்மை இதற்கு இருப்பதாக எழுதினார்கள். மலைமக்களின் அனுபவம் வெறும் நம்பிக்கை அல்ல என்பதற்கு இவை நல்ல அறிகுறிகள். ஆனால் எலியின் பாத வீக்கம் சில மணி நேரத்தில் வடிவதும், அறுபது வயதுப் பெண்ணின் முழங்கால் தேய்மானம் ஆறு மாதத்தில் சரியாவதும் வேறு வேறு. எலிக்குக் கொடுத்தது செறிவூட்டிய சாறு. நாம் குடிப்பது பூண்டும் மிளகும் சேர்ந்த சூப்.

சூப் என்று வந்துவிட்டதால் அதையும் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். கிழங்கைக் கழுவி, கத்தியின் முதுகால் ரோமத்தைச் சுரண்டினால் உள்ளே வெளிர்பச்சை தெரியும். வில்லைகளாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்து, தக்காளியும் மல்லித்தழையும் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டுவார்கள். குடித்தவர்கள் பலர் உண்மையான ஆட்டுக்கால் சூப்பின் சாயலே இருக்கிறது என்கிறார்கள். சைவக்காரர்களின் ஆட்டுக்கால் சூப் என்ற விளம்பரம் அதனால் வந்ததே. மழைக்குளிரில் மலையேறி இறங்கிய உடம்புக்கு இது இதமான உணவு. மலைவாழ் மக்கள் இதைச் சாப்பாட்டோடு சாப்பாடாக, எப்போதாவது வைத்துக் குடித்தார்கள். உணவாக இருக்கும்வரை இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

மருந்து என்று பெயர் மாற்றிய உடனே கேள்விகள் வந்துவிடுகின்றன. மூட்டுவலி என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது பல நோய்கள். வயதால் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. உடம்பின் காப்பு மண்டலமே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் இன்னொன்று. யூரிக் அமிலம் படிவது மூன்றாவது. எலும்பு மெலிந்து முதுகு கூனுவது மூட்டுநோயே அல்ல. சீனத்து ஆய்வுகள் பெரும்பாலும் பேசுவது எலும்பு முறிவையும் எலும்பு மெலிவையும் பற்றி. நம் கடைகளில் விற்பதோ முழங்கால் வலிக்கு. 4448 நோய்க்கும் இது ஒன்றே போதும் என்று சொல்கிற வீடியோக்களும் உண்டு. முடக்குவாதம் தொடங்கிய ஓர் இளம்பெண் ஆறு மாதம் சூப்பை மட்டும் நம்பியிருந்தால், அந்த ஆறு மாதத்தில் விரல் மூட்டுகள் திரும்பாத வகையில் கோணிவிடலாம். இந்தக் கிழங்கால் வரக்கூடிய பெரிய தீங்கு அதன் ரசாயனத்தைவிட இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரசாயனத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பெரணி என்றாலே சாது என்று எண்ணக் கூடாது. ஐரோப்பாவில் நாடாப்புழுவை வெளியேற்ற ஆண் பெரணி என்ற ஒன்றின் வேர்த்தண்டைப் பல நூற்றாண்டு கொடுத்தார்கள். அளவு மிஞ்சியபோது சிலருக்குக் கண்பார்வையே போனது. பிராக்கன் என்ற பெரணியில் கால்நடைகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் உண்டு. நம் ஆட்டுக்கால் கிழங்கு இவற்றின் நெருங்கிய உறவல்ல, தலைமுறைகளாக உணவில் இருந்து வந்தது என்பது ஆறுதல். ஆனால் நாள்தோறும், மாதக்கணக்கில், சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் சாப்பிடுகிற முதியவர் குடிப்பது பழைய வழக்கம் அல்ல. பொடியாக டப்பாவில் வரும்போது கவலை இன்னும் கூடுகிறது. மூலிகை என்று விற்கப்பட்ட மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டும் வலிமாத்திரையும் கலந்திருந்ததைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. முழுக் கிழங்கை ரோமத்தோடு கண்ணால் பார்த்து வாங்குகிறவருக்கு அந்த அபாயமாவது இல்லை.

சீனத்து மருந்துக்கும் நம் கரைக்கும் உள்ள தொடர்பு புதியதல்ல. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் முடிவில் மார்க்கோ போலோ எழுதினார். பழையகாயலில் பிஷப் கால்டுவெல் தோண்டிப் பார்த்தபோது சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டு தேதியிட்ட, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கல்வெட்டு இலங்கையின் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிக்கப்பட்ட அது இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கப்பலில் பீங்கானும் பட்டும் வந்தபோது மருந்தும் வந்தது. சித்த மருத்துவத்தின் பரங்கிப்பட்டை, சீனத்தில் விளையும் ஒரு கொடியின் வேர்த்தண்டு. போர்ச்சுக்கீசியர் காலத்தில் அது இந்தியச் சந்தைகளில் புகழ்பெற்றது. கோவாவில் இருந்த மருத்துவர் கார்சியா டா ஓர்டா 1563இல் வெளியிட்ட நூலில் அதற்கு ஓர் இயலே ஒதுக்கினார். இன்று பரங்கிப்பட்டைச் சூரணம் இல்லாத சித்த மருந்துக் கடையைக் காண்பது அரிது. வந்தேறிச் சரக்கு ஒன்று, அளவும் பத்தியமும் செய்முறையும் எழுதப்பட்டதால், நம் மருந்தாகவே ஆகிவிட்டது. ஆட்டுக்கால் கிழங்குக்குக் கப்பல் தேவைப்படவில்லை. நம் மலையிலேயே இருந்தது. ஆனால் பரங்கிப்பட்டைக்குக் கிடைத்த எழுத்தும் ஒழுங்கும் அதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்தக் கரையிலிருந்து போன மருந்துச் சரக்குகளுக்கு இரண்டு விதமான முடிவுகள் வாய்த்தன. இரண்டையும் விரிவாகச் சொல்ல வேண்டும். கொல்லிமலைக்கு எதிரே இருப்பதும் இந்த இரண்டு வழிகள்தான்.

முதலாவது கடல் அட்டை. மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த கடற்புல் வெளிகளில் ஊரும் இந்த உயிரைச் சீனர்கள் உடம்புக்கு வலுவூட்டும் உணவு மருந்தாக மதிக்கிறார்கள். இங்கே யாரும் சாப்பிடுவதில்லை. பிடித்து, குடலை நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலைத் தேய்த்து எடுத்து, மறுபடி வேகவைத்து வெயிலில் காயவைத்துக் கீழை நாடுகளுக்கு அனுப்பினார்கள். தலைமுறைகளாக நடந்த தொழில் இது. விலை ஏற ஏறச் சிறிய அட்டைகளையும் அள்ளினார்கள். கடல் குதிரையும் இப்படியே சீன மருந்துக் கடைகளுக்குப் போனது. 2001இல் இந்திய அரசு கடல் அட்டையையும் கடல் குதிரையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்குரிய பாதுகாப்பு அட்டைக்கும் வந்தது. குளித்துப் பிழைத்தவர்களின் தொழில் ஒரே நாளில் குற்றமானது. கடத்தல் அதன் பிறகும் நின்றபாடில்லை. பிடிபட்ட செய்தி இன்றும் நாளிதழில் வருகிறது.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் 1988இலேயே கடல் அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கிக் காட்டிவிட்டது. தடை வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே! அந்த அறிவு கரையோரக் குடும்பங்களின் கைக்கு வந்திருந்தால், கடலில் அள்ளுவதற்கு மாற்றாக வளர்ப்பு வேரூன்றியிருக்கலாம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையின் வடக்கில் இன்று அட்டைப் பண்ணைகள் சட்டப்படி நடக்கின்றன. அங்கேயும் சச்சரவுகள் உண்டு. ஆனால் தொழில் இருக்கிறது.

முத்தும் இதே படிப்பினையைத் தருகிறது. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததல்ல. சிப்பி வாழும் கடலடிப் பார்களில் மாதிரிக்குச் சிப்பி எடுத்து, வயதும் முத்தின் மதிப்பும் பார்த்த பிறகே குளிப்புக்கு அனுமதி கொடுத்தார்கள். இடையில் பல ஆண்டுகள் பார்கள் சும்மா கிடந்தன. அவ்வளவு கணக்கு பார்த்தும் 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் அதே ஆராய்ச்சி மையம் சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டியது. எடுக்கும் முன் இருப்பைச் சோதிப்பது என்ற அந்தப் பழைய ஒழுங்காவது கொல்லிமலைப் பாறைகளுக்கு இன்று தேவை.

இரண்டாவது முடிவு நிலாவரை. சென்னா என்று உலகம் அறிந்த மலமிளக்கி இலை. அரேபியாவிலிருந்து வந்த இந்தச் செடி சாத்தான்குளம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வானம் பார்த்த பூமியில் வேர் பிடித்தது. தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு கடிக்காது. இலையை உருவி, நிழலில் பரப்பி, பச்சை மங்காமல் காயவைத்து, சிப்பமாக அழுத்திக் கட்டித் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றினார்கள். திருநெல்வேலி சென்னா என்ற பெயரிலேயே அது பிரிட்டிஷ் மருந்து நூலுக்குள் போனது. ஐரோப்பிய மருந்து நூல்கள் நீண்ட காலம் இலையில் வீரியப் பொருள் குறைந்தது 2.5 சதவீதம் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருந்தன. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. சீன அரசு மருந்து நூலிலும் இந்தச் சிற்றினம் இடம்பெற்றிருக்கிறது. சீனத்து மருந்துச் சரக்கை வியந்து பேசும் நம்மில் எத்தனை பேருக்கு, நம் செம்மண் தேரியோரத்து இலை அவர்களுடைய மருந்து நூலில் இருப்பது தெரியும்?

சென்னாவை நான் புகழ்வதற்குக் காரணம் அதன் ஏற்றுமதி வருமானம் மட்டும் அல்ல. அது பயிராக இருந்தது. விதை வயலில் விழுந்தது, விலை கூடினால் பரப்பு கூடியது, காடு அழியவில்லை. இலை வாங்கியவன் வீரியத்தை அளந்து விலை போட்டதால் உழவரும் தரத்தைக் கவனித்தார். மருந்து என்ன செய்யும், எத்தனை நாள் மட்டும் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்பதும் எழுதப்பட்டது. தொடர்ந்து எடுத்தால் குடல் பழகிவிடும், உடம்பில் பொட்டாசியம் குறையும் என்று உறையிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். ஒரு மூலிகைக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

ஆட்டுக்கால் கிழங்கு இப்போது கடல் அட்டை போன வழியில் போய்க்கொண்டிருக்கிறது. சாக்கு சாக்காக இறங்குவது முழுக்கக் காட்டிலிருந்து அறுத்தது. பாறையில் கைபோகிற இடமெல்லாம் வழித்து எடுத்துவிட்டால், அந்தப் பெரணி பல ஆண்டுகளாகச் சேர்த்த மட்கும் சேர்ந்தே போய்விடும். வெறும் பாறையில் ஸ்போர் விழுந்து, பாசி போன்ற முதல்நிலை முளைத்து, அதிலிருந்து செடி வந்து, அறுக்கும் அளவுக்குத் தண்டு தடிப்பது மெதுவான வேலை. சீனத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பொன்னிற ரோமம் போர்த்திய சிபோட்டியம் என்ற பெரணியின் தண்டும் அங்கே முதுகுவலிக்கான மருந்து. ஐரோப்பியர் ஒரு காலத்தில் அந்தத் தண்டைச் செடியில் காய்க்கும் ஆட்டுக்குட்டி என்றே நம்பினார்கள். காட்டிலிருந்து அளவின்றி எடுத்ததால் அதன் பன்னாட்டு வணிகம் இன்று சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில், அனுமதிக்கு உட்பட்டதாக இருக்கிறது.

தடை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2001இன் தடை கரையோரத்தில் என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள் அதைச் சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். சிறுவனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைமக்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமை அவர்களிடமே இருக்க வேண்டும். வெளியூர் வியாபாரி மூட்டையாக வாங்கிப் பொடியாக்கி டப்பாவில் அடைத்து விற்கும்போது, அந்த இலாபத்தில் மலைக்கு ஒரு பங்கு போக வேண்டும் என்பதற்கு 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. சட்டம் இல்லாத குறை இங்கே இல்லை.

வளர்ப்பு பெரிய வித்தையும் அல்ல. வேர்த்தண்டைத் துண்டாக்கி, ஈரமான தேங்காய் மட்டை நாரோடு மரத்தில் கட்டிவைத்தால் இந்தப் பெரணி ஒட்டிக்கொள்ளும். கேரளத்தில் மாமரத்திலும் தென்னையிலும் யாரும் நடாமலே வளர்கிறது. தூத்துக்குடியின் வெயிலும் உப்புக்காற்றும் இதற்கு ஆகாது; இது சாத்தான்குளத்துப் பயிராக முடியாது. ஆனால் கொல்லிமலையில் காப்பிக்கும் மிளகுக்கும் நிழல் கொடுக்க சில்வர் ஓக்கும் பலாவும் நிற்கின்றன. அந்த மரங்களின் அடித்தண்டு சும்மாதான் இருக்கிறது. மிளகு ஏறாத மரத்தில் பெரணி ஏறலாம். தோட்டம் வைத்திருக்கும், மலையாளி என்று அழைக்கப்படும் இந்த மலையின் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு விளைச்சல் கிடைக்கும். எந்த மரத்தில் எத்தனை ஆண்டில் எவ்வளவு தடிக்கிறது, மழைக்கு முன் அறுத்ததில் நரிஞ்சின் கூடுதலா, பின் அறுத்ததிலா என்று ஒரு கல்லூரி மாணவர் மூன்று ஆண்டு குறித்துவந்தாலே, எந்த வீடியோவிலும் இல்லாத செய்தி கைக்கு வந்துவிடும்.

பிறகு மருத்துவ ஆய்வு. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அளவு குறித்த சூரணத்தை ஒரு பகுதியினருக்கும், அதே நிறமும் சுவையும் கொண்ட வெறும் பொடியை மற்றவர்களுக்கும் கொடுத்து, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்க்க வேண்டும். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் கல்லூரி இருக்கிறது, மூட்டுவலிக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. சரக்கின் வீரியத்தை அளக்க, சென்னாவைப் பல ஆண்டுகளாக அளந்து அனுப்பும் தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர்களின் பழக்கம் இருக்கிறது. விடை "கேட்காது" என்று வந்தாலும் நல்லதே. அக்காவின் பணமும் மலையின் பெரணியும் மிஞ்சும். சூப் சூப்பாகவே இருந்துவிட்டுப் போகும்.

அதுவரை அறுப்பவர்கள் கையில் ஒன்று இருக்கிறது. இந்தத் தண்டு நுனியிலிருந்துதான் வளர்கிறது. நுனியோடு ஒரு சாண் நீளத்தை வேர் பிடித்தபடி பாறையிலேயே விட்டுவிட்டு, பின்பக்கத்து முதிர்ந்த பகுதியை மட்டும் அறுத்தால் அடுத்த மழைக்கு அது தொடர்ந்து படரும். வாங்குகிறவர்களும் இளம் நுனியும் துளிரும் ஒட்டியிருக்கும் துண்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு, முதிர்ந்த துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கலாம். சந்தையில் நுனித் துண்டு விலை போகவில்லை என்றால் மலையில் அதை யாரும் வெட்ட மாட்டார்கள்.